மிச்ச நூல் ஒரு டின் நெறைய கெடக்கு, கோஸ்டர் (கிளாஸுக்கு அடியில வைக்கிறது) தவிர என்ன பின்னலாம்?

செந்தூல்_கண்மணி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க சத்தமில்லாம படிச்சிட்டு போறவ நான், இன்னைக்குத்தான் மொத தடவ கேக்குறேன். வீட்ல மிச்ச நூல் ஏகப்பட்டது சேந்து போச்சு. பாதி நான் பொம்மை பின்னி மிஞ்சுன மில்க் காட்டன், எல்லாம் எலுமிச்சம்பழம் சைஸ் உருண்டைங்க. மீதி மாமியார் குடுத்தது, அந்த நீல பிஸ்கட் டின் இருக்குல்ல, எல்லார் வீட்லயும் தொறந்தா பிஸ்கட் இருக்காது ஊசி நூல்தான் இருக்கும், அதே டின்தான். அதுக்குள்ள லேபிளே இல்லாத பழைய நூலுங்க, பருத்தியா கம்பளியா அக்ரிலிக்கா ஒன்னும் புரியல. சிலது மெல்லிசு, சிலது தடி.

எனக்கு குரோஷே (கொக்கி ஊசி பின்னல்) ஓரளவு வரும். நிட்டிங்ல நேரா பின்ற கார்ட்டர் ஸ்டிச் மட்டும்தான். நம்ம வீடு பிளாட்டு, எடம் கம்மி, அதனால போர்வை அது இதுன்னு பெரிய வேலை வேணாம். தீபாவளிக்கு பக்கத்து வீட்டு ஆளுங்களுக்கு முறுக்கோட சேத்து சின்னதா ஏதாச்சும் குடுக்கலாம்னு ஒரு ஆசை. ஆனா வாங்குனவங்க நெஜமா பயன்படுத்தணும், டிராயர்ல போட்டு மூடி வைக்கிற மாதிரி இருக்கக்கூடாது. இணையத்துல தேடுனா கோஸ்டர் கோஸ்டர்னு அதையேதான் காட்டுது. ஏற்கனவே என் வீட்ல கிளாஸ விட கோஸ்டர் ஜாஸ்தி.

சும்மா_பாத்தேன்:
கோஸ்டர் வேணாம்னு சொன்னீங்கல்ல, அப்ப சதுர கோஸ்டர் போடுங்க 😂

தண்ணிமலை_ஆன்ட்டி:
மேல உள்ள தம்பிய விடுமா. நான் பினாங்கு. என்ன பின்றதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்த டின்ன முழுசா தரையில கொட்டு. நூல் எதுல செஞ்சதுன்னு தெரியாம என்ன பின்னாலும் ஆபத்துதான், ஏன்னா அக்ரிலிக்ல பான புடிக்கிற துணி பின்னிட்டா சூட்டுக்கு உருகி கையில ஒட்டிக்கும், அத போயி நீ அடுத்த வீட்டு அம்மாவுக்கு தீபாவளி பரிசுன்னு குடுப்பியா.

நெருப்பு வெச்சு பாக்குறதுதான் சுலபம். ஒவ்வொரு உருண்டையிலயும் விரல் நீளம் வெட்டு, புருவம் எடுக்குற இடுக்கியில புடிச்சிக்க, சிங்க்குக்கு மேல நின்னு லைட்டர காட்டு. பிள்ளைங்க பக்கத்துல இருக்கக்கூடாது, ஃபேன நிறுத்திடு. பருத்தின்னா சடசடன்னு எரியும், காகிதம் எரியிற வாசன, கடைசியில தொட்டா பொடியாகிற சாம்பல் சாம்பலா இருக்கும். கம்பளின்னா முடி கருகுற நாத்தம், நெருப்ப எடுத்தா தானா அணையும். அக்ரிலிக்கு சுருண்டு உருகி கருப்பு பொகை விட்டு எரியும், ஆறுன பெறகு கட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும், நசுக்குனா நசுங்காது. சூடா இருக்கும்போது தொட்டுடாத.

இன்னொன்னு, மில்க் காட்டன்ங்கிற பேர பாத்து அது முழு பருத்தின்னு நம்பாத. நம்ம ஊர்ல கெடைக்கிற அந்த 50 கிராம் உருண்டைங்க நெறைய அக்ரிலிக் கலந்ததுதான். லேபிள் இருந்தா சதவீதம் பாரு, இல்லன்னா அதையும் கொளுத்தி பாரு. சாம்பலும் விழுந்து கட்டியும் நின்னா கலப்பு, அடுப்பு பக்கம் கொண்டு போகாத.

அடுத்தது தடிமன். ஒரு ஸ்கேல் எடுத்து நூல இழுக்காம பக்கத்துல பக்கத்துல சுத்து, ஒரு இஞ்சுக்குள்ள எத்தன சுத்து விழுதுன்னு எண்ணு. தடிமனுக்கு பேரு இருக்கு, சுமாரா 14 வந்தா ஃபிங்கரிங் (மெல்லிசு), 11 வந்தா டி.கே (நடுத்தரம்), 9 வந்தா வொர்ஸ்டட் (கொஞ்சம் தடி). மெல்லிசு ரெண்ட சேத்து ஒன்னா புடிச்சி பின்னா ஏறக்கொறைய டி.கே தடிமன் வந்துரும், டி.கே ரெண்டு சேந்தா வொர்ஸ்டட், இல்ல அதவிட கொஞ்சம் தடியாவே வரும். மிச்ச நூலுக்கு இதவிட ஒத்தாசை எதுவும் இல்ல, ஒன்னா சேராத ரெண்டு கலர் கூட சேத்து புடிச்சா புள்ளி புள்ளியா அழகா விழும்.

பெறகு சமையல் தராசுல நிறுத்து ஜிப் பைக்குள்ள போட்டு மேல எழுது, பருத்தி டி.கே 40 கிராம், அக்ரிலிக் 110 கிராம் இப்படி. அந்த டின்ல திரும்ப போடாதம்மா, நம்ம ஊரு ஈரத்துக்கு டின்னு உள்ளுக்குள்ள துரு புடிக்கும், கடலோரத்துல இருக்குற எங்களுக்கு சொல்லவே வேணாம். துருக்கறை வெள்ள நூல்ல பட்டா போகவே போகாது. வைட்டமின் பாட்டில்ல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்த ஒன்னு ஒன்னு உள்ள போட்டு வை.

இதெல்லாம் முடிச்சிட்டு வா, என்ன பின்றதுன்னு நூலே பாதி சொல்லிரும்.

எல்ஆர்டி_கொக்கி:
ஆன்ட்டி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒன்னும் இல்ல, ஆனாலும் சொல்றேன் 😁 நான் தெனமும் ரயில்ல உக்காந்துதான் பின்றது, ஆம்பள பையன் பின்றான்னு மொதல்ல எல்லாரும் பாப்பாங்க, இப்ப நானே திரும்பி பாக்குறதில்ல.

அக்கா, பயன்படுத்துறமாதிரி வேணும்னா டம்ளர் ஸ்லிங். இப்ப ஆபீஸ் போற எல்லார் கையிலயும் அந்த பெரிய தண்ணி டம்ளர் இருக்கு, அத தோள்ல மாட்டிட்டு போக ஒரு வலை. அடியில வட்டமா பின்னுங்க, மேஜிக் ரிங்ல (இழுத்தா இறுகுற நூல் வளையம்) 12 டபுள் குரோஷே, அடுத்த சுத்து 24, அதுக்கடுத்து 36, நான் சொல்றது அமெரிக்க பேட்டர்ன்ல வர்ற டபுள் குரோஷே, ஊசியில நூல ஒரு தடவ சுத்திட்டு போடற ஒசரமான கண்ணி, சிங்கிள்னா சுத்தாம போடற குட்டி கண்ணி. டம்ளர் அடிய அதுமேல வெச்சி பாருங்க, வட்டம் கொஞ்சம் சின்னதா இருக்கும்போதே நிறுத்திடணும், ஏன்னா தண்ணி ரொம்புனா வலை இழுபட்டு எறங்கும். வட்டத்தோட ஓரம் அலை அலையா வந்தா கண்ணி அதிகமா கூட்டிட்டீங்க, கிண்ணம் மாதிரி குழிஞ்சா கம்மியா கூட்டிட்டீங்க. பெறகு கூட்டாம செயின் போட்டு செயின் போட்டு வலை. வார் மட்டும் வலையா போடாதீங்க. ரெண்டு இழை சேத்து சிங்கிள் குரோஷேல நாலு கண்ணி அகலத்துக்கு இறுக்கமா பின்னுங்க, இல்லன்னா ஒரு வாரத்துல டம்ளர் முட்டி வரைக்கும் வந்து தொங்கும்.

பள்ளிக்கூட பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு காசு பர்ஸ். ரெஹாட் (பள்ளி இடைவேளை) நேரத்துக்கு குடுத்து விடற ரெண்டு மூனு வெள்ளி எங்கயாவது விழுந்துரும்ல. 3 மில்லிமீட்டர் ஊசியில 20 செயின், செயினோட ரெண்டு பக்கமும் சுத்தி சுத்தி சிங்கிள் குரோஷே, அடியில தையலே வராது, அதனால 10 காசு கூட வெளிய வராது. சுத்துக்கு ஒரு கலர் மாத்திக்கலாம், எலுமிச்சம்பழ சைஸ்னு சொன்னீங்களே அதெல்லாம் இதுக்குத்தான் பொறந்தது. கையளவு ஒசரம் வந்ததும் நிறுத்தி ஒரு பட்டன், செயின்ல ஒரு வளையம். ஜிப் தைக்க ஆசப்பட்டா தைங்க, எனக்கு ஜிப் தைக்கிறதுன்னாலே அலர்ஜி.

அப்புறம் உங்களுக்குன்னு ஏதாச்சும் வேணும்னா ஒன்னு. வெள்ளக்காரங்க டெம்பரேச்சர் பிளாங்கெட்னு போடுவாங்க, அன்னன்னைக்கு சூடு எத்தன டிகிரியோ அதுக்கு ஒரு கலர், ஒரு நாளைக்கு ஒரு வரி. கேஎல்ல (கோலாலம்பூர்) அத போட்டா வருஷம் முழுக்க 24லேர்ந்து 33க்குள்ள ஒரே ஆரஞ்சு கலர்தான் லா, போர்வை இல்ல ஆரஞ்சு பாய். ஜெர்மனியில ஒரு அம்மா 2018 முழுக்க ரயில் லேட்டாகுறத ஸ்கார்ஃபா பின்னாங்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள லேட்டுனா சாம்பல் கலர், அரை மணிக்குள்ளன்னா பிங்க், அதுக்கு மேலயோ இல்ல போறப்ப வர்றப்ப ரெண்டு தடவையும் லேட்டோன்னா சிவப்பு. அத இபேல ஏலம் விட்டு 7,550 யூரோவுக்கு போச்சு, காச தர்மத்துக்கு குடுத்துட்டாங்க. நான் அதையே மழைக்கு மாத்தி வெச்சிருக்கேன், காஞ்ச நாள் மஞ்சள், தூறல் வெளிர் நீலம், சாயங்காலம் கொட்டி சடக்குல (ரோட்டுல) தண்ணி ஏறுனா கருநீலம். எட்டு கண்ணி அகலம்தான், பை வாருக்கு ஆகும். ஏப்ரல்லயும் நவம்பர்லயும் கருநீலம் தீந்து போகும் பாருங்க, அப்ப கைக்கு வந்த எந்த நீலத்தையும் போட்டுக்குவேன். மிச்ச நூலுக்கு இந்த மாதிரி வேலதான் தோது, எந்த கலர் எத்தன கிராம் வேணும்னு யாருக்கும் தெரியாது.

மல்லி_முழம்:
தீபாவளின்னு சொல்லிட்டு யாரும் தோரணத்த பத்தி பேசலயே! கேஎல் பிரிக்பீல்ட்ஸ்ல பூமாலை விக்கிற வெல தீபாவளி நேரத்துல கேட்டா தல சுத்தும், அதுவும் ரெண்டு நாள்ல வாடிரும். நான் வாசல் நிலைக்கு நூல்லயே சாமந்தி தோரணம் கட்டி வெச்சிருக்கேன், வருஷா வருஷம் அதேதான்.

சாமந்திக்கு பேட்டர்னே தேவையில்ல கண்மணி. 20 செயின் போடு, நாலாவது செயின்லேர்ந்து ஒவ்வொரு செயினுக்குள்ளயும் நாலு நாலு டபுள் குரோஷே. அது தானாவே முறுக்கிக்கிட்டு சுருளும், நீ ஒன்னும் செய்ய வேணாம். அத அப்படியே அடியில புடிச்சி சுருட்டி, ஊசியில நாலு தையல் போட்டு இறுக்குனா பூ. மஞ்சள், கடுகு மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் கலர் எது எது மிச்சம் இருக்கோ அதெல்லாம் கலந்து போடலாம், நெஜ சாமந்தி மட்டும் என்ன எல்லாம் ஒரே மஞ்சளாவா இருக்கு. பூ பாதியில நூல் தீந்தா இன்னொரு மஞ்சள சேத்துரு, சுருட்டுன பெறகு உள்ள போயிரும், யாருக்கும் தெரியாது.

நடுவுல மாவிலை வேணும்ல. 10 செயின், அதுமேல மொதல்ல சிங்கிள், அடுத்தது ஹாஃப் டபுள் (ரெண்டுக்கும் நடு ஒசரம்), நடுவுல மூனு நாலு டபுள், திரும்ப ஹாஃப் டபுள், நுனியில சிங்கிள். அப்படியே திரும்பி செயினோட அடுத்த பக்கத்துலயும் அதே மாதிரி வந்தா இலை. பச்சையில எத்தன விதம் இருந்தாலும் நல்லது. கயிறு மட்டும் வாசல் அகலத்த விட ஒரு முழம் நீளமா இருக்கட்டும், தோரணம்னா நடுவுல தொங்கணும், விறைப்பா கொடிக்கயிறு மாதிரி நிக்கக்கூடாது.

இதுக்கு உன்கிட்ட இருக்குற அக்ரிலிக்தான் சரி. வெயில் பட்டாலும் பருத்தி அளவுக்கு சீக்கிரம் வெளுக்காது, மழ சாரல் அடிச்சாலும் காஞ்சிரும். ஆனா ஒன்னு, விளக்கு பக்கத்துல கட்டாத. நெறைய பேரு சாமி படத்துக்கு உல்லன் மாலை போட்டு அதுக்கு நேரா கீழயே குத்துவிளக்கு வெப்பாங்க, பாக்கவே பயமா இருக்கும். விளக்குக்கு அடியில பாய் மாதிரி வட்டமா பின்னி போடறதும் வேணாம், எண்ண சொட்டுனா அது நேரா திரியேதான்.

பச்சைப்_பை:
பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர் சொல்ல வந்தேன், யாரும் சொல்லல. ஜப்பான்ல அக்ரிலிக் தவாஷின்னே ரொம்ப பிரபலம், சோப்பு கம்மியா போட்டாலே போதும்னு சொல்வாங்க, கொரியாவுலயும் இதே மாதிரி உண்டு. ஆனா நானே இப்ப அத பின்றத விட்டுட்டேன், காரணத்தையும் சொல்லிடறேன். 2016-ல இங்கிலாந்துல பிளிமத் பல்கலைக்கழகத்துக்காரங்க 6 கிலோ துணிய மெஷின்ல போட்டா எத்தன இழை தண்ணியில போகுதுன்னு கணக்கு பாத்தாங்க. அக்ரிலிக்ல 7 லட்சத்துக்கும் மேல. பாலியஸ்டர் 5 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, பருத்தி கலந்த பாலியஸ்டர் ஒன்னே கால் லட்சத்துக்கு கொஞ்சம் மேல. மூனுலயும் மோசம் அக்ரிலிக்தான். அத போயி தெனம் மூனு வேளையும் சட்டியில வெச்சி தேய்ச்சா என்னாவும், எல்லாம் சிங்க்கு வழியா ஆத்துக்கு.

பாத்திரத்துக்கு பருத்தியில பின்னுங்க, இல்ல நம்ம பீர்க்கங்கா நாரே இருக்கு, அத விட வேற என்ன ஸ்க்ரப்பர் வேணும் உங்களுக்கு.

பருத்தி கொஞ்சம் நெறையா இருந்துச்சுன்னா வலைப்பை பின்னுங்க, சந்தைக்கு வெங்காயம் தக்காளி வாங்க. பினாங்குல 2011-லேர்ந்தே எந்த நாளும் இலவச பிளாஸ்டிக் பை கெடையாது, அப்ப 20 காசு குடுத்து வாங்கணும்னு ஆக்குனாங்க, அங்க உள்ளவங்களுக்கு பை குடுத்தா தூக்கி போட மாட்டாங்க. அடியும் கைப்பிடியும் இறுக்கமா, நடுவுல மட்டும் வலை. ஒரே கலர்ல கைப்பிடி போட்டுட்டா நடுவுல எத்தன கலர் இருந்தாலும் மிச்ச நூல்ல பின்னுனது மாதிரியே தெரியாது.

தண்ணிமலை_ஆன்ட்டி:
தம்பி சொல்றது சரிதான், ஆனா மெஷின்ல துணி துவைச்ச கணக்க அப்படியே கையளவு ஸ்க்ரப்பருக்கு போட முடியாது. இருந்தாலும் தேய்க்கிற வேலைக்கு அக்ரிலிக் வேணாம்ங்கிறதுல எனக்கும் சண்டையில்ல. அதுக்காக இருக்குற அக்ரிலிக்க குப்பையில போட்டா மட்டும் மக்கவா போகுது? அடிக்கடி துவைக்காத சாமானா பாத்து பின்னு, அவ்வளவுதான். மல்லி சொன்ன தோரணம் வருஷத்துக்கு ஒரு தடவ அலசுனா பெரிசு.

பினாங்கு காரங்க பைய தூக்கி போட மாட்டோம்னு சொன்னதுக்கு தனியா ஒரு நன்றி.

செந்தூல்_கண்மணி:
ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் கொட்டி கொளுத்தி பாத்தேன். வீட்டுக்காரர் என்னமோ எரியிதுன்னு ஓடி வந்துட்டார் 😅 மாமியார் டின்ல இருந்ததுல முக்காவாசி அக்ரிலிக்கு. மெல்லிசா ஒரு வெள்ளயும் ஒரு கருஞ்செவப்பும் மட்டும் பருத்தி. முடி நாத்தம் அடிச்சது ஒன்னே ஒன்னு, சாம்பல் கலரு, தொட்டா கொஞ்சம் சொரசொரன்னு. என் மில்க் காட்டன் எல்லாத்துலயும் கட்டி நின்னுச்சு! இத்தன நாளா பருத்தின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அப்ப முடிவு பண்ணிட்டேன். அக்ரிலிக்ல தோரணம், மில்க் காட்டன்ல காசு பர்ஸ், எங்க மாடியில பள்ளிக்கூட பிள்ளைங்க உள்ள வீடு நெறைய இருக்கு. ஒரு பர்ஸ் பின்னியும் பாத்தாச்சு, நல்லாத்தான் வந்துருக்கு. ஆனா கலர் மாத்தி மாத்தி போட்டதுல உள்பக்கம் பாத்தா ஒரே வாலு. இத்தன வால யாரு ஊசியில கோத்து உள்ள சொருகறது? அங்கங்க முடிச்சி போட்டு வெட்டிடலாமா?

எல்ஆர்டி_கொக்கி:
முடிச்சி போட்டு ஒட்ட வெட்டாதீங்க அக்கா, துவைக்க துவைக்க அவுந்துரும், அதுவும் மில்க் காட்டன் வழுக்குற நூல். பழைய கலரோட கடைசி கண்ணி இருக்குல்ல, அதுல கடைசியா ஊசியில ரெண்டு வளையம் நிக்கும், அந்த எடத்துலயே புது கலர இழுத்து முடிங்க. அப்பத்தான் அடுத்த கண்ணி சுத்தமா புது கலர்ல ஆரம்பிக்கும், பாதி பழசு பாதி புதுசுன்னு நிக்காது. ரெண்டு வாலையும் ஒரு சாண் நீளம் விட்டு பின்ற வரி மேலயே படுக்க வெச்சிக்குங்க, அடுத்த கண்ணிங்கள அது மேலயே பின்னுங்க, பத்து கண்ணி போறதுக்குள்ள வாலு உள்ள போயிரும். வாலு வெளிய தெரியுதுன்னா பின்னல் தளர்வா இருக்கு, ஊசிய அரை மில்லி கொறைங்க.

பிள்ளைங்க இழுத்து அடிக்கிற சாமான்னா அது மட்டும் பத்தாது, மிச்சம் இருக்குற நுனிய ஊசியில கோத்து வந்த தெசைக்கு எதுத்தாப்ல ஒரு தடவ திருப்பி சொருகுங்க. நேரா ஒரே பக்கமா சொருகுனா எத்தன நீளம் சொருகுனாலும் வழுக்கிட்டு வந்துரும், திருப்பி விட்டாத்தான் புடிச்சிக்கும்.

அந்த சாம்பல் கம்பளி மட்டும் வேற கதை. மெஷின்ல துவைக்கலாம்னு பதம் பண்ணாத சாதா கம்பளின்னா ரெண்டு நுனியையும் பிரிச்சி ஒன்னு மேல ஒன்னு வெச்சி தண்ணி தொட்டு உள்ளங்கையில வேகமா உருட்டுங்க, ரெண்டும் ஒட்டி ஒரே நூலாயிரும், வாலே கெடையாது. பருத்தியிலயும் அக்ரிலிக்லயும் நாள் பூரா உருட்டுனாலும் ஒட்டாது.

மல்லி_முழம்:
வெட்டுன வாலுங்கள தூக்கி போடாத கண்மணி, ஒரு பைல சேத்து வை. பொம்மை பின்றவதானே நீ, உள்ள அடைக்க ஆகும். வெள்ள பொம்மைக்குள்ள கருப்பு நுனிய அடைச்சா கண்ணி சந்துல எட்டி பாக்கும், அதனால பழைய காலுறைக்குள்ள போட்டு கட்டி பெறகு அடை.

சும்மா_பாத்தேன்:
ஒரு உருப்படியான கேள்வி. குறப்பிரசவ பிள்ளைங்களுக்கு ஆக்டோபஸ் பின்னி ஆஸ்பத்திரிக்கு குடுப்பாங்களாமே, மில்க் காட்டன் மிச்சத்துல அத போடலாமா?

பச்சைப்_பை:
2013-ல டென்மார்க்ல ஆரம்பிச்சது அது. கை எல்லாம் தொப்புள்கொடி மாதிரி இருக்குறதால பிள்ளை புடிச்சிக்கிட்டு அமைதியா இருக்கும்னு சொல்வாங்க. ஆனா மிச்ச நூல்ல ஆரம்பிக்க வேணாம் தம்பி. 100% பருத்தி மட்டும்தான், 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்க தாங்கணும், கையி இழுத்து புடிச்சாலும் 22 சென்டிமீட்டரு தாண்டக்கூடாது, பஞ்சு தெரியாத அளவுக்கு இறுக்கமா பின்னணும். கண்மணி அக்காவோட மில்க் காட்டன் எல்லாம் கலப்புன்னு தெரிஞ்சு போச்சு, அதனால அது ஆகாது. அப்படியே பருத்தி இருந்தாலும் மொதல்ல வார்டுல போயி கேளுங்க, வெளியிலேர்ந்து வர்ற பொம்மைய தொத்துக்கு பயந்து வாங்காத எடமும் இருக்கு. பின்னி முடிச்சி தூக்கிட்டு போயி திரும்பி வந்தா மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

தண்ணிமலை_ஆன்ட்டி:
கண்மணி, அந்த வெள்ளயும் கருஞ்செவப்பும் பருத்தின்னு சொன்னியே, சூடான சட்டி புடிக்கிற துணிக்கு அதுதான். உனக்கு கார்ட்டர் ஸ்டிச் வரும்னு சொன்ன, அது போதும், அதுலயே மூலையா மடங்கி வர்ற சதுரம் ஒன்னு இருக்கு. மெல்லிசுன்னா ரெண்டு இழையா புடிச்சிக்க. 31 கண்ணி ஏத்து, நடுக் கண்ணி 16-ஆவது, அதுல ஒரு கலர் நூல மாட்டி அடையாளம் வை. ஒரு வரியில நடுவுக்கு ஒரு கண்ணி முன்னாடி வரைக்கும் பின்னி, நடுவுல மூனு கண்ணிய ஒன்னாக்கு. அதுக்கு, ஒன்ன பின்னாம வலது ஊசிக்கு மாத்து, அடுத்த ரெண்ட சேத்து பின்னு, மாத்துனத அதுமேல தூக்கி போடு, அவ்வளவுதான். மீதிய நேரா பின்னு. திரும்பி வர்ற வரி சும்மா நேரா. இப்படி ரெண்டு வரிக்கு ரெண்டு கண்ணி கொறையும், கடைசியில ஒன்னே ஒன்னு நிக்கும், நூல அறுத்து அதுக்குள்ள இழுத்துரு. நடுவுல கோணலா ஒரு கோடு ஓடும், டி.கே தடிமன்ல ஒரு பக்கம் 7 சென்டிமீட்டர் கிட்ட வரும். நாலு சதுரம் சேத்து தைச்சி, அதே மாதிரி இன்னொன்னு தைச்சி முதுகுக்கு முதுகு வெச்சி மூட்டு. ஒத்த மடிப்புல சூடு ஏறிரும்.

இதுல மிச்ச நூலுக்கு வசதி என்னன்னா மொத வரிதான் நீளம், போக போக வரி குறுகும். அதனால பெரிய உருண்டைய வெளிப்பக்கத்துக்கு போட்டு சின்ன உருண்டைய மூலைக்கு வெச்சிக்க. இன்னும் ஒரு வரிக்கு பத்துமா பத்தாதான்னு சந்தேகம் வந்தா நூல பின்னல் மேல வெச்சி அளந்து பாரு, பின்னல் அகலத்துக்கு நாலு மடங்கு இருந்தா தைரியமா போ, அதுக்கு கீழன்னா அங்கயே கலர மாத்திரு.

செந்தூல்_கண்மணி:
ஆன்ட்டி ரொம்ப நன்றி, சதுரம் ஒன்னு இப்பவே ஊசியில இருக்கு. ஒரே ஒரு சந்தேகம், கருஞ்செவப்பையும் வெள்ளயையும் சேத்து பின்னா துவைக்கும்போது சாயம் எறங்காதா?

தண்ணிமலை_ஆன்ட்டி:
பழைய செவப்பு பருத்திய எப்பவும் நம்பாத. ஒரு மொழம் வெட்டி வெதுவெதுப்பான சோப்பு தண்ணியில அர மணி நேரம் ஊற போடு, எடுத்து வெள்ள டிஷ்யூல சுத்தி அமுக்கு. டிஷ்யூல கலர் ஏறுனா நூல சிட்டமா சுத்தி, சிக்காம நாலு எடத்துல கட்டி, தண்ணி தெளியிற வரைக்கும் அலசி நெழல்ல காயப்போடு, பெறகு பின்னு. அப்பவும் எறங்கிக்கிட்டே இருந்துச்சுன்னா வெள்ளயோட சேக்காத, செவப்பு மட்டும் தனி சதுரமா போட்டுக்க.

மல்லி_முழம்:
தோரணம் கட்டி முடிச்சா போட்டோ போடு கண்மணி. பச்சை நூல் பத்தலன்னா என்கிட்ட கெடக்கு, நான் பிரிக்பீல்ட்ஸ்தான், வந்து வாங்கிக்க.